டிஜிபி மாறினால் ஸ்டேஷன் மாறுமா? வட அயர்லாந்தில் செய்ததும் நம் ஊரில் செய்யாததும் (விவாத இழை)

கூழாங்கல் எழுதியது:

புது டிஜிபி பொறுப்பேற்கும்போதெல்லாம் இங்கே ஒரு இழை தொடங்கும். நேர்மையானவர், கண்டிப்பானவர், இனி எல்லாம் சரியாகும் என்று நூறு பேர் எழுதுவார்கள். பிறகு எங்கோ ஒரு ஸ்டேஷனில் ஒருவர் அடிபட்டுச் சாகிறார், அதே நூறு பேர் அதிர்ச்சி அடைகிறார்கள். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வந்து பேசலாம் என்றுதான் இந்த இழை.

தலைவரை மாற்றினால் துறை மாறிவிடும் என்பதை நான் நம்பவில்லை. யார் உள்ளே வருகிறார்கள், தப்பு நடந்தால் யார் விசாரிக்கிறார்கள், இந்த இரண்டிலும் கை வைக்காமல் மேலே யாரை உட்கார வைத்தாலும் கீழே பழைய வழக்கம்தான் ஓடும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வட அயர்லாந்து.

அங்கே ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்று ஒரு படை இருந்தது. கத்தோலிக்கர்கள் மக்கள்தொகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல்; படையில் 8 சதவீதம்தான். அரசியல் வன்முறை நடந்த முப்பது ஆண்டுகளில் அந்தப் படையில் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு அவர்கள் தியாகிகள், அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கு எதிரிப் படை. 1998-இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, காவல் துறையை என்ன செய்வது என்று அந்த ஒப்பந்தத்துக்குள் முடிவு செய்ய முடியவில்லை. கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு ஆணையத்திடம் தள்ளிவிட்டார்கள். ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக இருந்தாரே, அவரேதான். ஆணையம் மாவட்டம் மாவட்டமாகப் பொதுக்கூட்டம் போட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது.

அதில் எனக்கு முக்கியமாகப் படுபவை இவை. புதிதாக எடுக்கும் ஆட்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர். 2001 முதல் 2011 வரை சட்டமே போட்டு இதைச் செய்தார்கள். பழைய ஆட்களுக்கு நல்ல தொகை கொடுத்து, விருப்ப ஓய்வில் மரியாதையாக அனுப்பினார்கள். பத்தே ஆண்டில் 8 சதவீதம் கிட்டத்தட்ட 30 ஆனது. அடுத்து, போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் விசாரிக்கக்கூடாது என்று தனியாக ஒரு குறைதீர்ப்பாளர் அலுவலகம். சொந்தப் புலனாய்வாளர்கள், எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கும் அதிகாரம். அப்புறம் கட்சிப் பிரதிநிதிகளும் பொதுமக்களும் உட்காரும் ஒரு வாரியம். தலைமை அதிகாரி அங்கே வந்து பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நான்காவது. 175 பரிந்துரையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்க மட்டும் ஒரு கண்காணிப்பு ஆணையரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். முதலில் வந்த டாம் கான்ஸ்டன்டைன், அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் தலைவராக இருந்தவர். 2007 வரை அந்த அலுவலகம் அறிக்கை மேல் அறிக்கையாகப் போட்டுக்கொண்டே இருந்தது. நம் ஊரில் ஆணைய அறிக்கைகள் அலமாரிக்குப் போகின்றன என்றால், அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்க ஆள் இல்லாததுதான் காரணம்.

பெயரும் மாறியது. 2001 நவம்பர் 4 முதல் வட அயர்லாந்து காவல் சேவை. புதுச் சின்னத்தில் கிரீடமும் உண்டு, ஐரிஷ் யாழும் உண்டு, தராசும் ஆலிவ் கிளையும் உண்டு. அதற்காக நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பெயரை எடுப்பது புதைத்தவர்களை மறுபடி தோண்டுவது போல இருந்தது. அந்தப் படைக்கே வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். சட்டத்தில் பழைய படை புதிய படைக்குள் சேர்க்கப்படுகிறது என்றுதான் எழுதினார்கள்; கலைக்கப்படுகிறது என்று எழுதவில்லை. அந்த வார்த்தையில் இருந்த கரிசனம் வேலையைச் சுலபமாக்கியது என்றே நினைக்கிறேன்.

உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பாராக்காரர் எழுதியது:

வணக்கம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சார்பு ஆய்வாளர்) ஆக ஓய்வு பெற்றவன். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.

வெளியில் இருப்பவர்கள் டிஜிபியைப் பார்க்கிறீர்கள். காவலருக்கு டிஜிபி என்பவர் சுவரில் மாட்டிய படம். எங்களுக்கு உலகம் என்றால் இன்ஸ்பெக்டர், பதிவேடு எழுதும் ஸ்டேஷன் ரைட்டர், டி.எஸ்.பி. அதற்கு மேலே போகாது. சர்க்குலர் வரும், ரோல் காலில் ஒருமுறை வாசிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், கோப்பில் சேர்ந்துவிடும். "பொதுமக்களிடம் கனிவாக நடந்துகொள்ளவும்" என்று நான் கையெழுத்துப் போட்ட சர்க்குலர்களுக்குக் கணக்கே இல்லை.

ஸ்டேஷனை நடத்துவது கிரைம் மீட்டிங். மாதாமாதம் எஸ்.பி. எல்லா இன்ஸ்பெக்டர்களையும் உட்கார வைத்துக் கேட்பார்: எத்தனை திருட்டு, எத்தனை கண்டுபிடித்தாய், எவ்வளவு நகை மீட்டாய், எத்தனை பெண்டிங்? பெண்டிங் அதிகம் இருந்தால் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கு என்று வாங்குவார். அந்த மனுஷன் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து அன்றைக்கு இரவு என்ன செய்வார்? திருட்டு வழக்கு பார்க்கும் கிரைம் பார்ட்டியைக் கூப்பிட்டு "நாளைக்குள் ரெக்கவரி காட்டணும்" என்பார். பழைய குற்றவாளி ஒருவனைத் தூக்கி வருவார்கள். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. வழக்கே பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது. எஃப்.ஐ.ஆர். போட்டால் கணக்கில் ஏறும், கணக்கில் ஏறினால் பெண்டிங் ஆகும். அதனால் புகார் கொடுக்க வந்த அம்மாவை மூன்று நாள் அலைய விட்டுக் கடைசியில் ரசீதோடு அனுப்புவார்கள். அதைச் செய்கிற ரைட்டர் கெட்டவர் இல்லை. இன்ஸ்பெக்டரைக் காப்பாற்றுகிறார், இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி.யைக் காப்பாற்றுகிறார்.

எனக்குத் தெரிந்து நல்ல எஸ்.பி. ஒருவர் வந்தார். மீட்டிங்கில் மீட்பு எவ்வளவு என்று கேட்பதை நிறுத்தினார். "ஏன் இந்த மாதம் உன் ஸ்டேஷனில் புகாரே குறைவு? மக்கள் வரப் பயப்படுகிறார்களா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டேஷனில் அடி குறைந்தது, நான் கண்ணால் பார்த்தேன். அவரை மாற்றினார்கள். அடுத்தவர் வந்த முதல் மீட்டிங்கிலேயே பழையபடி ரெக்கவரி கணக்கு. ஒரு மாதத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தாச்சு.

கூழாங்கல் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டோடு இதையும் சேருங்கள். மேலே இருப்பவர் எதைக் கணக்குக் கேட்கிறாரோ அதைத்தான் கீழே இருப்பவர் செய்வார்.

புளியமரத்தடி எழுதியது:

வட அயர்லாந்தின் மக்கள்தொகை அப்போது 17 லட்சம். நம் ஒரு மாவட்டம் அளவு. பின்னால் பிரிட்டிஷ் கஜானா, முன்னால் அமைதி ஒப்பந்தம். இங்கே ஏழு கோடிப் பேருக்கு அதைக் கொண்டுவர முடியுமா?

துணிச்சலாகச் செய்தால் ஒரே வருஷத்தில் நடக்கும் என்பதற்கு ஜார்ஜியா இருக்கிறது. 2004-இல் ஜனாதிபதியாக சாகாஷ்விலி வந்ததும் லஞ்சம் வாங்கிய போக்குவரத்துப் போலீஸை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கான பேர். புது ஆட்கள், நல்ல சம்பளம், புது வண்டி, கண்ணாடிச் சுவர் வைத்த ஸ்டேஷன்கள். சாலையில் லஞ்சம் காணாமல் போனது. தலைவன் நினைத்ததால் நடந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கூழாங்கல் எழுதியது:

விடவில்லை. ஜார்ஜியா கதையை 2012 வரை படியுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, திபிலிசி சிறையில் கைதிகளைக் காவலர்கள் சித்திரவதை செய்யும் வீடியோக்கள் வெளியே வந்தன. மக்கள் தெருவில் இறங்கினார்கள், அமைச்சர்கள் பதவி விலகினார்கள், ஆட்சியே போனது. சாலையில் லஞ்சம் ஒழிந்தது உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அத்தனை அதிகாரமும் மேலே ஒரே இடத்தில் இருந்தது, வெளியிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. கண்ணாடிச் சுவர் ஸ்டேஷனுக்கு இருந்தது, சிறைக்கு இல்லை.

பாராக்காரர் ஐயா சொன்ன கிரைம் மீட்டிங் விஷயம் நான் எங்கும் படிக்காதது. நன்றி ஐயா.

அப்புறம், வட அயர்லாந்து நமக்கு அந்நிய ஊர் என்று நினைக்க வேண்டாம். இந்தியக் காவல் துறைக்கு அச்சாக எடுத்தது அயர்லாந்தின் பழைய போலீஸ் படையான ஐரிஷ் கான்ஸ்டபுலரியைத்தான். 1843-இல் சிந்துவில் பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் அதைப் பார்த்து ஒரு படை அமைத்தார், அந்த வழியில் வந்தது 1861 காவல் சட்டம். ஆயுதம், முகாம் குடியிருப்பு, சொந்த ஊரில் போஸ்டிங் கிடையாது, மேலே ஒரு வர்க்கம் கீழே ஒரு வர்க்கம் – எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதே ஐரிஷ் படையின் வாரிசுதான் 1922-இல் உருவான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு படைகள். அவர்கள் தங்களுடையதை 2001-இல் பிரித்து மேய்ந்தார்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனிலிருந்து. இங்கே நடந்தது தலைவர் மாற்றத்துக்கு எதிரான பாடம்தான், ஆனால் பாதி.

1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார், விசாரணையைப் போலீஸ் நாசமாக்கியது. 1999-இல் மக்பெர்சன் அறிக்கை, இனவெறி இந்த நிறுவனத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்றது. அதன் பிறகு லண்டன் போலீஸுக்கு எத்தனையோ கமிஷனர்கள். 2017-இல் முதல் பெண் கமிஷனராக கிரெசிடா டிக் வந்தார். 2021 மார்ச்சில் பணியில் இருந்த ஒரு காவலரே, தன் அடையாள அட்டையைக் காட்டி ஒரு பெண்ணைத் தெருவிலிருந்து கூட்டிப்போய்க் கொன்றார். டிக் 2022-இல் விலகினார், மார்க் ரௌலி வந்தார். அடுத்த ஜனவரியில், அந்தக் கொலைகாரர் இருந்த அதே பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த இன்னொரு காவலர் பல ஆண்டுகளாகச் செய்த 49 குற்றங்களை ஒப்புக்கொண்டார், அதில் பல பாலியல் வன்முறை. அவரைப் பற்றி முன்பே புகார்கள் வந்திருந்தும் துப்பாக்கியோடு பணியில் வைத்திருந்தார்கள்.

2023 மார்ச்சில் லண்டன் போலீஸ் பற்றி லூயிஸ் கேஸி கொடுத்த அறிக்கையை நேரம் இருந்தால் படியுங்கள். பாலியல் வன்முறை வழக்குகளின் தடயங்களை வைத்திருந்த ஃப்ரீசர்கள் பிதுங்கி வழிந்தன, சில பழுதாகித் தடயங்கள் வீணாயின. ஒன்றில் யாரோ ஒருவரின் சாப்பாட்டு டப்பாவும் இருந்தது. ஒரு துறை யாரை முக்கியமாக நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஃப்ரீசர் போதும். ஆயுதப் பிரிவுக்கு விலையுயர்ந்த கருவிகள் வாங்கப் பணம் இருந்தது.

பாதி என்று சொன்னது இதனால். ரௌலி உண்மையிலேயே ஆட்களை வெளியேற்ற முயன்றார். ஆனால் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்குத் அப்போது தலைமை வகித்தது வெளிச் சட்ட வல்லுநர். தான் வெளியேற்ற நினைத்தவரை அந்தக் குழு மறுபடி வேலையில் வைத்ததை எதிர்த்துக் கமிஷனரே நீதிமன்றம் போனார். 2024-இல்தான் விதி மாறியது. வெளி ஆள் விசாரிப்பது எப்போதுமே நல்லது என்று கூழாங்கல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. புலன் விசாரணை வெளியே இருக்கட்டும், வேலையை விட்டுத் தூக்கும் அதிகாரம் தலைவரிடம் இருக்க வேண்டும்.

சட்டப்பட்டறை எழுதியது:

நான் வழக்குரைஞர். தேம்ஸ்கரை பிரித்துச் சொன்னது சரியான வேறுபாடு. நம் ஊரில் அந்த இரண்டும் ஒரே கையில் இருப்பதுதான் பிரச்சினை.

2006 செப்டம்பர் 22, காவல் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கு. உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. டிஜிபிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக் காலம், யூ.பி.எஸ்.சி. தரும் மூன்று பேர் பட்டியலிலிருந்து தேர்வு. எஸ்.பி., ஸ்டேஷன் பொறுப்பாளர் ஆகியோருக்கும் இரண்டு ஆண்டு. புலன் விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல் புகார் ஆணையம்.

பத்திரிகைகள் டிஜிபி பற்றிய கட்டளையைப் பற்றியே எழுதுகின்றன. பாராக்காரர் ஐயாவின் நல்ல எஸ்.பி. பாதியில் போனாரே, அவருக்கானது அடுத்த கட்டளை. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

புகார் ஆணையத்துக்கு என்ன ஆனது? 2013-இல் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டிஜிபியும் ஒரு ஏடிஜிபியும். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். எஸ்.பி.யின் ஆட்கள் மேல் புகார் கொடுக்க எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேசைக்கே போக வேண்டும். வட அயர்லாந்தில் குறைதீர்ப்பாளர் அலுவலகம் என்ன செய்தது பாருங்கள்: திறந்த அடுத்த ஆண்டே, 2001 டிசம்பரில், ஓமா என்ற ஊரில் 29 பேர் இறந்த குண்டுவெடிப்பில் போலீஸ் எச்சரிக்கைகளைக் கையாண்ட விதத்தைக் கிழித்து அறிக்கை போட்டது. தலைமை அதிகாரி ரோனி ஃபிளனகன் கடுமையாக மறுத்தார். இருந்தும் அறிக்கை வெளியே வந்தது, குறைதீர்ப்பாளர் நுவாலா ஓலோன் பதவியில் நீடித்தார்.

உத்தரவு போட்டால் வழக்கம் மாறாது என்பதற்கு ஆர்டர்லி முறையைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அதை அரசாணை போட்டு ஒழித்தது 1979-இல். அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் நாயைக் குளிப்பாட்டவும் காவலர்களை வைத்திருக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது 2022-இல். இடையில் எத்தனை டிஜிபிகள்!

இன்னும் பின்னே போனால், சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி ஒரு ஆணையம் 1855-இலேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. கையை நெரிக்கும் கிட்டி போடுவது, குனிய வைத்துக் கட்டிப்போடுவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அந்த அறிக்கை கிளப்பிய அவமானத்துக்குப் பின் வந்ததுதான் 1859 மாவட்டக் காவல் சட்டம்.

வடமராட்சி எழுதியது:

எங்கட பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் 2001-இல் 17ஆவது திருத்தத்தோடு சுயாதீன தேசிய பொலிஸ் ஆணைக்குழு வந்தது. 2010-இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2015-இல் 19ஆவது திரும்பக் கொடுத்தது, 2020-இல் 20ஆவது மறுபடி பறித்தது, 2022-இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. ஆட்சிக்கு ஆட்சி இப்படி ஆட்டினால் ஒரு பொறுப்பதிகாரி எந்த ஆணைக்குழுவுக்குப் பயப்படுவார்?

2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் ஒரு மனிதரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுங்கள் என்றும் சொன்னது. 2024 பெப்ரவரியில் அவரையே நாட்டுப் பொலிஸின் தலைவரான பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். பிறகு நீதிமன்றம் இடைநிறுத்தி, நாடாளுமன்றம் விசாரித்து, 2025 ஓகஸ்ட் 5-இல் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. ஒரு பொலிஸ் மா அதிபரை நாடாளுமன்றம் நீக்கியது அதுதான் முதல்முறை.

ஆகவே தலைவர் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்லவர் மேலே வந்தால் கீழே உடனே மாறாது, சரி. ஆனால் அடித்தவர் என்று நீதிமன்றமே சொன்ன ஒருவரை மேலே வைத்தால் கீழே இருக்கிற ஒவ்வொரு கான்ஸ்டபிளுக்கும் ஒரு செய்தி போகிறது. அது ஒரே இரவில் போய்ச் சேரும்.

யாழ்ப்பாணத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வை என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். பேட்டன் செய்ததில் பாதிக்குப் பாதி ஆட்சேர்ப்புத்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூழாங்கல் எழுதியது:

வடமராட்சி அண்ணா, உங்கள் வாதம் என் முதல் பதிவை இடிக்கிறது, ஏற்றுக்கொள்ள வேண்டிய இடி. கெட்ட தலைமை வேகமாகக் கீழே இறங்கும், நல்ல தலைமை மெதுவாக இறங்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆட்சேர்ப்பு பற்றி ஒன்று. வட அயர்லாந்தில் 2011-இல் அதை நிறுத்தினார்கள், அதன்பின் கத்தோலிக்கர் பங்கு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. சேர்ந்தவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 2011 ஏப்ரலில் ஓமாவில் ஒரு இளம் கத்தோலிக்கக் காவலரைக் காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். அவர் சவப்பெட்டியை ஐரிஷ் விளையாட்டுச் சங்கத்தார் ஒரு தூரமும், சீருடைக் காவலர்கள் ஒரு தூரமும் சுமந்தார்கள். அந்தச் சங்கம் 2001 வரை வட அயர்லாந்துப் போலீஸ்காரரை உறுப்பினராகவே சேர்த்ததில்லை.

அங்கேயும் தலைமை சறுக்கியது. 2023 ஆகஸ்டில் தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதில் தரும்போது பத்தாயிரம் ஊழியர்களின் பெயர் விவரம் தவறுதலாக இணையத்தில் ஏறிவிட்டது. அடுத்த மாதம் தலைமை அதிகாரி சைமன் பைர்ன் விலகினார். உடனடிக் காரணம் வேறு: இரண்டு இளம் காவலர்களை அரசியல் நெருக்கடிக்காகத் தண்டித்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழே இருப்பவரைப் பலிகொடுத்தால் தலைவரின் நாற்காலியும் போகும் என்ற நிலை அங்கே இருக்கிறது.

பாராக்காரர் எழுதியது:

கடைசியாகச் சொன்னது என்னைத் தொட்டது. எங்கள் ஆட்கள் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். கீழே இருப்பவனுக்கு த்ரீ-பி சார்ஜ் (துறைரீதியான ஒழுங்கு நடவடிக்கை) போட ஒரு தாள் போதும். இன்கிரிமென்ட் நிற்கும், பதவி உயர்வு நிற்கும், பெண்டாட்டி பிள்ளையை விட்டுத் தூரத்து மாவட்டம் போக வேண்டும்.

சாத்தான்குளத்தை நினையுங்கள். 2020 ஜூன், தந்தையும் மகனும். சிசிடிவி இருந்தது, பதிவு தினமும் தானாக அழிவது போல வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி நடந்ததை விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அந்த ஸ்டேஷனின் ஒரு பெண் தலைமைக் காவலர். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. துறைக்குள் இருந்த எந்த ஏற்பாடும் அந்த அம்மாவைக் காப்பாற்றும் என்று நான் நம்பமாட்டேன். உண்மை சொன்ன காவலரை யார் காப்பாற்றுவது என்று எந்தச் சீர்திருத்தத்திலாவது ஒரு வரி இருக்கிறதா, வக்கீல் சார்?

சட்டப்பட்டறை எழுதியது:

பிரகாஷ் சிங் தீர்ப்பின் ஏழு கட்டளையிலும் இல்லை ஐயா. நியாயமான குறை.

இப்போதைக்குக் கையில் இருக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 2013 சட்டப்படியான மாவட்டக் காவல் புகார் ஆணையம் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, எத்தனை புகார் வந்தது, எத்தனையில் நடவடிக்கை எடுத்தது, கூட்டக் குறிப்புகளின் நகல். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன். பதில் வந்தவர்கள் மாவட்டப் பெயரோடு இதே இழையில் போடுங்கள், 38 மாவட்டத்தையும் ஒரு அட்டவணையாக்கி நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம்.

புளியமரத்தடி எழுதியது:

திண்டுக்கல் நான் போடுகிறேன். திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன்.